பின்பாட்டிலிருந்து தொடங்குவோம்

(செங்கல்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசை நாடகத்தைக் கற்றுக்கொள்வது எப்படி, அதன் அடிப்படை என்ன என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்கு உடம்பால் தெரிந்த இசை நாடகம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் அதைக் கூத்து என்போம். தெருக்கூத்து என்று புத்தகங்களில் எழுதுவார்கள். கட்டைக்கூத்து என்ற பெயர்தான் சரி என்று வாதிடும் கலைஞர்களும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், ஒருவர் பாடிக்கொண்டே ஆடி, ஆடிய மூச்சு அடங்குவதற்குள் பேசி, விடியும்வரை ஒரு கதையைத் தாங்கி நிற்கிற கலை அது. அதைக் கற்க வருகிற பிள்ளை முதல் நாள் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். உட்காருவதைப் பற்றித்தான் சொல்கிறேன். எழுந்து நிற்பது பிறகு.

ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் கூத்துப் பழக வரும் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம். கடற்கரைக் கோயிலுக்கோ ஐந்து ரதத்துக்கோ முதலில் போவதில்லை. ஊர் நடுவில் இருக்கிற பெரிய பாறைக்கு நேரே போவோம். 100 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 40 அடிக்கு மேல் உயரமும் உள்ள அந்தப் புடைப்புச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்கிறார்கள். பகீரதன் தவம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யானையையும் பூனையையும் பிள்ளைகள் ஆசை தீரப் பார்த்து முடித்ததும், ஒற்றைக் காலில் நிற்கும் அந்தத் தவசியைக் காட்டுவேன். இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கியிருக்கின்றன. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. சிவபெருமான் பக்கத்தில் நிற்கிறார்.

"அவர் மாதிரி நில்லுங்க" என்பேன். நிற்பார்கள். "இப்ப தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடுங்க" என்பேன். சினிமாப் பாட்டோ பள்ளிப் பாட்டோ, எதுவானாலும் இரண்டாவது வரிக்குள் குரல் இளைத்துவிடும். கையைத் தூக்கினால் விலா விரிந்து மூச்சு மார்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கவனத்தில் தாளம் ஓடிப்போகிறது. கீழே விழாமல் இருப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. சுருதியை யார் கவனிப்பது? சிரிப்பும் கூச்சலுமாக எல்லோரும் காலைக் கீழே ஊன்றிவிடுவார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி கேட்பேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசுக் கூத்து நடக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். தபசு மரம் என்று உயரமான பனைமரத்தை நட்டு வைப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் பாட்டு. கீழே பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் காத்திருப்பார்கள். உச்சிக்குப் போய் மேலேயிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் விபூதியும் மடியில் விழ வேண்டும் என்பது அவர்கள் வேண்டுதல். ராத்திரியெல்லாம் ஆடிய உடம்போடு, மரத்தைக் காலால் பற்றிக்கொண்டு, அவரால் எப்படிப் பாட முடிகிறது? பாறைக்கு முன்னால் நின்று ஒரு வரியைக்கூட நம்மால் முடிக்க முடியவில்லையே?

பிள்ளைகள் சொல்கிற பதில்கள் எனக்குப் பிடிக்கும். "பழக்கம் சார்." "சாமி வந்திருக்கும் சார்." எல்லாம் சரிதான். ஆனால் அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. மரத்தில் இருப்பவர் ஒரு வரி பாடி முடித்ததும் கீழே பெஞ்சில் இருப்பவர்கள் அதே வரியைப் பின்பாட்டாக எடுத்துப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் ஒரு படி ஏறுகிறார், ஒரு மூச்சு இழுக்கிறார். அவருடைய பாதி மூச்சு தரையில் இருக்கிறது.

கூத்துக்களத்தைப் பார்க்காதவர்களும் இந்த அவையில் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஊர்ப் பொதுவெளியில் ஒரு பக்கம் பெஞ்சு போட்டிருப்பார்கள். அதில் பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியம் வாசிப்பவர், மிருதங்கக்காரர், டோலக்குக்காரர், முகவீணைக்காரர், தாளம் போடுகிறவர், பின்பாட்டுக்காரர்கள். வேஷக்காரர்கள் இவர்களுக்கு முன்னால் ஆடுவார்கள். தன் முறை வராத வேஷக்காரரும் வந்து பின்பாட்டுப் பாடுவது உண்டு. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துரியோதனன் திரௌபதிக்குப் பின்பாட்டுப் பாடுவதை நானே பார்த்திருக்கிறேன். வாத்தியங்களெல்லாம் சேர்ந்து முழங்கும் மேளக்கட்டு முடிந்து, துதி பாடி, கோமாளியான கட்டியங்காரன் வந்து, பிறகு இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து முதல் வேஷம் வரும். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, குரல் அதன் இஷ்டத்துக்கு விரியும். தருவுக்குத் தாளம் உண்டு, ஆட்டம் உண்டு. பிறகு வசனம். மறுபடி பாட்டு. இப்படியே கிழக்கு வெளுக்கும்.

இதைக் கேட்டால் மூன்று பாடம் என்று தோன்றும். பாட்டு ஒரு பாடம், ஆட்டம் ஒரு பாடம், பேச்சு ஒரு பாடம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசைக்குத் தனி வகுப்பு, பரதநாட்டியத்துக்குத் தனி வகுப்பு, மிருதங்கத்துக்குத் தனி வகுப்பு. அந்தந்தக் கலையை முழுதாகக் கற்க அது சரியான முறை. ஆனால் மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டு வந்து கூட்டிப் பார்த்தால் கூத்து வராது. நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளையை ஆடவிட்டால் பாட்டு கெடுகிறது. நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை வாயைத் திறந்ததும் கால் தடுமாறுகிறது. ஏனென்றால் மூன்றுக்கும் இருக்கிற மூச்சு ஒன்றுதான். அந்த ஒரு மூச்சை எங்கே செலவு செய்வது, எங்கே சேர்த்துக்கொள்வது, எங்கே பக்கத்திலிருப்பவரிடம் கடன் வாங்குவது என்பதுதான் அடிப்படை. இதைக் கற்றுக்கொடுக்கிற இடம் பெஞ்சு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பதினோரு வயதில், திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கூத்துச் செட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். கோடை விடுமுறை. பீமன் வேஷம் கட்டலாம் என்ற கனவோடு போனேன். வாத்தியார் என் கையில் இரண்டு தாளத்தைக் கொடுத்து, பெஞ்சின் ஓரத்தில் உட்காரச் சொன்னார். அந்த விடுமுறை முழுக்கத் தாளம்தான் போட்டேன். முதல் வாரத்தில் ஒரு நாள் தாளத்தை மறந்து வேஷத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வாத்தியார் திரும்பிப் பார்த்து, "கண்ணால பாக்காதடா, காதால பாரு" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் வருஷம் பின்பாட்டு. வரியை எடுத்துக் கொடுப்பவர் எந்த எழுத்தில் மூச்சு விடுகிறார், ஆட்டத்தின் எந்தச் சுற்றில் அவருக்கு மூச்சு முட்டும், எப்போது அவர் வரியைப் பாதியில் விட்டுவிடுவார் என்பதெல்லாம் பின்பாட்டுக்காரனுக்கு அவர் முதுகைப் பார்த்தே தெரியும். பார்வையாளர் பார்ப்பது முகத்தை. பெஞ்சில் இருப்பவன் பார்ப்பது முதுகை. தோள் ஏறி இறங்குவதும், விலாப்பக்கத்துத் துணி நனைவதும், குதிகால் தரையில் அழுந்துவதும் அங்கேதான் தெரியும்.

முதல் வேஷம் அரிச்சந்திரன் கூத்தில் லோகிதாசன். தர்ப்பை அறுக்கக் காட்டுக்குப் போகிற பையன். சின்ன வேஷம்தான், ஒரு தரு, ஒரு சுற்று, பிறகு பாம்பு கடித்துச் செத்துவிட வேண்டும். ஒத்திகையில் நன்றாகத்தான் செய்தேன். களத்தில் விளக்கு வெளிச்சமும் கூட்டமும் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. முதல் வரியையே உச்சத்தில் எடுத்தேன். சுற்றி வந்து இரண்டாவது வரிக்கு வாயைத் திறக்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை. காற்று இல்லை. வரி ஞாபகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, அதை வெளியே தள்ளக் காற்று இல்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளி இரண்டு அட்சரம்கூட இருந்திருக்காது. பெஞ்சிலிருந்து பின்பாட்டுப் பெரியவர், நான் பாடியிருக்க வேண்டிய வரியைத் தானே எடுத்தார். எடுத்து, கடைசிச் சொல்லை நீட்டி, ஒரு ஆவர்த்தனம் முழுக்கச் சுழற்றி, எனக்கு மூச்சு வந்துவிட்டதா என்று முகவீணைக்குப் பின்னாலிருந்து பார்த்து, பிறகு என்னிடம் கொடுத்தார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

விடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் போய் நின்றேன். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ வுட்ட எடத்துல நான் புடிச்சிக்கினேன். நாளைக்கி நான் வுட்டா நீ புடிக்கணும். அவ்ளோதான்டா கூத்து."

இதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு மேல் ஒரு அடிப்படையை நான் கண்டுபிடிக்கவில்லை.

பின்பாட்டில் கற்ற மூச்சு, வேஷத்தில் வேறு விதமாகச் சோதிக்கப்படும். கட்டை வேஷம் என்றால் தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. எடை கனமென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடும்போது நகராமல் இருக்க இறுக்கிக் கட்டியாக வேண்டும். மார்பைச் சுற்றிக் கயிறு இறுகியதும் மேல்மூச்சுக்கு இடமில்லை. மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கினால்தான் பாட முடியும். அதனால்தான் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும் முன்பே மார்பைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்து பாடச் சொல்கிறேன். பாறைக்கு முன்னால் கைதூக்கி நின்றபோது தோற்றதன் காரணம் அப்போது உடம்புக்குப் புரிகிறது.

வசனத்தில்தான் புதியவர்கள் அதிகம் விழுவார்கள். யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. பாட்டு கஷ்டம், பேச்சு சுலபம் என்று நினைக்கிறோம். கூத்தில் பாட்டு உச்ச சுருதியில் நடக்கிறது. நாலு கட்டை, ஐந்து கட்டை என்று பெட்டிக்காரர் வைத்திருப்பார். பாட்டு முடிந்து வசனத்துக்கு வரும்போது, வீட்டில் பேசுகிற குரலுக்கு இறங்கிவிட்டால், அடுத்த பாட்டுக்கு மறுபடி மாடி ஏற வேண்டும். ஒரு இரவில் எத்தனை முறை ஏறி இறங்குவது? தேர்ந்த வேஷக்காரர் வசனத்தையும் சுருதிக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பேசுவார், வாக்கியத்தின் கடைசி அசையை இழுப்பார். பெட்டி அடியில் முனகிக்கொண்டே இருக்கும். நடுவில் கட்டியங்காரன் கேள்வி கேட்பான், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். சனங்களுக்கு அது வேடிக்கை. வேஷக்காரருக்கு மூச்சு. கட்டியங்காரன் நல்லவனாக வாய்த்தால் ராஜா எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஆடுவார்.

இப்படி மூச்சைப் பகிர்ந்துகொள்வதை எங்கள் கரையில் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர்கள் மீனவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்பிள்ளை, கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள். ஏழாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகளுக்குப் பின்பாட்டு என்றால் என்ன, ஏன் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விளங்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். இவள் அரை மணி நேரத்தில், "சார், இது வலை இழுக்கிறாப்ல" என்றாள். அவள் தாத்தா கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவாராம். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து வாங்குவார்கள். வாங்குகிற நேரத்தில் கயிறு வரும், எடுக்கிற நேரத்தில் கை தளரும். "எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு வுட்டா வலை பின்னால போயிடும்" என்றாள். இப்போது பல கரைகளில் படகையும் வலையையும் டிராக்டர் இழுக்கிறது. அவளே அந்தப் பாட்டை அதிகம் கேட்டவளில்லை. ஆனாலும் அது அவளுக்குள் இருந்தது. அன்று நான் என் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது முதல் நாள் காலையில் ஒரு தாம்புக்கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் வரியைத் திருப்பிப் பாடப் பழகுகிறோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் இருக்கிறீர்கள். கடற்கரையில் நின்று அலைக்கு எதிராகக் கத்திக் கத்திக் குரலைத் திடப்படுத்தலாம் என்று நம்மூரில் ஒரு எண்ணம் இருக்கிறது. பிள்ளைகளை அப்படிச் செய்ய விடாதீர்கள். கடல் களைப்பதில்லை. குரல்வளை களைத்துவிடும். சவுக்குத் தோப்புக்குள் போனால் தன் குரல் தன் காதுக்குக் கேட்கும். கேட்காத குரலைத் திருத்த முடியாது.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டம் வரும். குரல் உடைகிற வயது. நாடகக் கம்பெனிக்காரர்கள் அதற்கு மகரக்கட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பயப்படாத பையன் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளை நினைக்காமல் இசை நாடகக் கல்வியைப் பற்றிப் பேச முடியாது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பிள்ளைகளை மட்டுமே நடிகர்களாகக் கொண்டு அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த ஆண்டிலேயே அதில் சேர்ந்தார்கள். அவர்களில் டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சுவாமிகள் அங்கே நடத்தியது என்னைப் பொறுத்தவரை ஒரு பள்ளிக்கூடம். அவர் எழுதிய பாட்டுகளிலும் வசனத்திலும் தமிழகமெங்கும் ஒரு பொது மொழி உண்டானது.

அந்தப் பொது மொழியின் பலனை இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் பார்க்கலாம். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், வேலன் வேறொரு ஊரிலிருந்து, நாரதர் இன்னொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து சேர்ந்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, ராத்திரி வள்ளி திருமணம் நடத்திக் கொடுப்பார்கள். இது எப்படி நடக்கிறது? இவர் எங்கே விடுவார், அவர் எங்கே பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆர்மோனியக்காரர் இடையில் இருந்து நடத்திக் கொடுக்கிறார். அடிப்படை என்பதன் அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன்: முன்பின் தெரியாதவரோடு ஒரு இரவு முழுக்க நிற்க முடிவது.

மகரக்கட்டுக்கு வருகிறேன். என் குரல் உடைந்தபோது வாத்தியார் என்னைப் பாடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுபடி தாளத்தைக் கையில் கொடுத்தார். அதே பெஞ்சு, அதே ஓரம். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அடவு கற்றுக்கொண்டேன், எல்லா வேஷத்தின் வசனமும் பாடமானது. குரல் திரும்ப வந்தபோது அது ஒரு ஆளின் குரலாக இருந்தது. அரும்பு மீசைப் பையன்களைக் கட்டாயப்படுத்திப் பாடவைக்கிற ஆசிரியர்களை இன்று பார்க்கிறேன். ஆண்டு விழா நெருங்குகிறது என்பார்கள். ஆண்டு விழா வருஷா வருஷம் வரும். குரல் ஒருமுறைதான் உடையும்.

ஆண்டு விழா என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பள்ளிகளில் இசை நாடகம் என்றால் இப்போது என்ன நடக்கிறது? பாட்டைப் பதிவாகப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கிறோம். வசனமும் பதிவு. பிள்ளைகள் ஆடை அணிந்த பொம்மைகளாக நிற்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். பிழை வரக்கூடாது என்ற பயம்தான் காரணம். பிழை வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பெஞ்சு இருந்தால் அந்தப் பயம் எதற்கு?

நம் நாடகத்தில் பாட்டும் பேச்சும் பிரிந்துபோனது எங்கே தொடங்கியது என்று யோசித்ததுண்டு. நம் மாவட்டத்துப் பம்மலின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர் சம்பந்த முதலியார். 1891இல், பதினெட்டு வயதில், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடை ஏறுவது கேவலம் என்றிருந்த காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடை ஏற்றியவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். நாடகத்துக்கு நேர ஒழுங்கையும் மரியாதையையும் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் வழியில் வசனம் ஓங்கியது, பாட்டு குறைந்தது. அவர் செய்தது அவர் காலத்துக்குத் தேவை. ஆனால் பிறகு வந்தவர்கள், படித்தவர் நாடகம் என்றால் பேச்சு, பாமரர் நாடகம் என்றால் பாட்டு என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். நம் பள்ளிக்கூடங்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டன.

அந்தக் கோட்டை அழிக்க முயன்றவர்களும் உண்டு. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நவீன நடிகனுக்குக் கூத்தில் பயிற்சி இருக்கிறது என்று கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் போனார். காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசன்தாங்கலில் குருகுலம் ஏற்படுத்தி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரைக்குள் நடத்தினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த களத்தில் பெண் பிள்ளைகளைக் கட்டை வேஷம் கட்ட வைத்தது அவர்கள் செய்த பெரிய காரியம். என்னுடைய குப்பத்துப் பெண்பிள்ளை இன்று தைரியமாகத் தாளத்தை எடுக்கிறாள் என்றால், அந்த வாசலை வேறு யாரோ முன்பே திறந்து வைத்ததால்தான்.

வெளிநாட்டில் இசை நாடகத்தை எப்படிக் கற்கிறார்கள் என்று கேட்பார்கள். சீனத்துப் பீகிங் ஓபராவில் பாடுதல், ஓதிப் பேசுதல், நடித்தல், சண்டை ஆட்டம் என்று நான்கையும் சிறு வயதிலிருந்தே ஒருசேரப் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் 1943இல் வந்த ஓக்லஹோமா, பாட்டையும் ஆட்டத்தையும் கதைக்குள் கலந்த நாடகம் என்று கொண்டாடுவார்கள். நம் ஊர்க் களத்தில் அது எப்போதும் கலந்தேதான் இருந்தது. எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது 1975இல் நியூயார்க்கில் வந்த எ கோரஸ் லைன். கூட்டத்தில் ஒருவராக ஆடும் இடத்துக்குத் தேர்வுக்கு வந்து நிற்கிற ஆட்டக்காரர்களின் கதை. அங்கேயும் ஆரம்பம் பின்வரிசையில்தான்.

ஊரில் கூத்து கற்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் இன்னொரு வகுப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். பாரத விழா நடக்கும் ஊர்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம். இரவில் அதே கதை கூத்தாக வரும். பகலில் பாயில் படுத்துக்கொண்டு காதால் கேட்ட துரியோதனன் ராத்திரி திரை விலக்கிக்கொண்டு நேரில் நிற்பான். பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய உருவமாகத் தரையில் கிடப்பான். கதையை மூன்று விதமாக வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. கட்டியங்காரன் எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் கதைக்குத் திரும்பி வர அதற்கு வழி தெரியும். அரசர்களும் இங்கே நாடகம் எழுதினார்கள். மகேந்திரவர்மனின் மத்தவிலாசம் காஞ்சித் தெருவில் நடக்கிற கதைதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாடகம் வந்து சேர்ந்த வழி அம்மன் கோயில் முன்னால் இருக்கிற இந்த மண்.

களத்தில் இன்று ஒரு பெரிய மாற்றம் மைக். நடுவில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிடுகிறார்கள். வேஷக்காரர் பாட வேண்டும் என்றால் அதற்கு அடியில் வந்து நிற்க வேண்டும். களம் முழுக்கச் சுற்றிய ஆட்டம் ஒரு கயிற்றுக்கு அடியில் சுருங்கிவிட்டது. கூட்டம் பெருத்துவிட்ட காலத்தில் மைக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்பாட்டுக்கும் ஒரு மைக் வையுங்கள் என்று விழாக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேஷக்காரருக்கு மட்டும் மைக் வைத்தால், பின்பாட்டு கேட்கவில்லை என்று அவரே இரண்டு முறையும் பாடத் தொடங்குகிறார். நாற்பது வயதுக்குள் குரல் போய்விடுகிறது. இரண்டு பேருக்கு எனக்குத் தெரிந்து அப்படி ஆகிவிட்டது.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த நிதியிலிருந்து பிள்ளைகளுக்கு வேஷமும் கிரீடமும் வாங்கித் தரலாம் என்று என்னிடம் சொன்னார்கள். பெரிய மனசு. ஆனால் கிரீடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு நல்ல பெட்டி, நாலு ஜோடி தாளம், ஒரு நீளமான பெஞ்சு. பிறகு, வயதாகி வேஷத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கோடை முழுக்கச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பாடிக்கொண்டிருந்தால் போதும்.

வரும் சித்திரையில் எங்கள் ஊரில் பாரதம் வைக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு மரம் ஏற்றம் உண்டு. இந்த அவையில் இருப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். வருகிறவர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டாம். அங்கே முகம்தான் தெரியும். பெஞ்சுக்குப் பக்கத்தில் பாய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அர்ச்சுனன் பாதி மரம் ஏறியதும் ஒரு வரி நீளமாக வரும். அதை அவர் முடிக்கும்போது, தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்பிள்ளையைப் பாருங்கள். அவர் விடுவதற்கு ஒரு கணம் முன்பே அவள் மூச்சு இழுத்திருப்பாள்.